பதினோராவது நிமிடம்

பத்து நிமிடம் ஒழுங்காக அறுக்கும்.
பதினோராவதில் குரல் மெலிந்து, கீச்சிட்டு,
லெங்கா மரத்தின் பாதி வயிற்றில்
பல்லைக் கடித்தபடி நின்றுவிடும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன்.
வெளுத்திருந்தது, பட்டினி கிடந்தவன் நாக்கைப் போல.
பெட்ரோல் போதவில்லையாம்.
தொட்டி நிறைய வைத்துக்கொண்டு
யாரிடம் சொல்கிறாய், திருடி.

எரால்தோ வந்தான். கார்புரேட்டர்தான் என்றான்.
அவனுக்கு எல்லாமே கார்புரேட்டர்,
போன வருஷம் மனைவி
கோய்ஹைக்கே பஸ் ஏறிப் போனதுகூட.
திருகாணியைக் கால் சுற்று திருப்பினான்.
ஓடியது. ஜெயித்துவிட்டோம் என்று
என் ரொட்டியில் பாதியைத் தின்றான்.
பதினொன்று.

புது பிளக், நாலாயிரம் பெசோ.
புது பெட்ரோல் வடிகட்டி,
பஸ் டிரைவர் கையில் மூன்று நாள் கழித்து வந்தது.
காற்று வடிகட்டியைப் பாத்திரச் சோப்பில் கழுவி
அடுப்புக்கு மேல் காலுறைகளோடு தொங்கவிட்டேன்.
ரப்பர் குழாயை வளைத்து வளைத்துத் தேடினேன்.
ஒரு வெடிப்பும் இல்லை.
நெல்டா பள்ளிக்கூடத்துச் சமையலறையிலிருந்து
இரண்டாம் முறை கூப்பிட்டாள்:
வெள்ளிக்கிழமை விறகு வருமா வராதா,
பிள்ளைகள் கையுறையோடு எழுதுகிறார்கள்.

வியாழன். ஆற்றுக்கு அந்தப் பக்கச் சரிவு.
பதினொன்று.
அறுத்துப் போட்ட கட்டையின் மேல் உட்கார்ந்து
மிச்சம் எவ்வளவு என்று பார்க்கத்தான்
மூடியைத் திருகினேன்.

ஸ்ஸ்ஸ்.

வெளியே வந்த காற்றல்ல.
உள்ளே போன காற்று.

கை அப்படியே நின்றது.
மூடினேன். இழுத்தேன். கிளம்பியது.
பிறகு நின்றது. தளர்த்தினேன், ஸ்ஸ்ஸ்,
கிளம்பியது.

தொட்டியின் தோளில் கடுகளவு மூச்சுத்துளை.
போன இலையுதிர்காலத்து மரத்தூள்
எண்ணெயில் குழைந்து உள்ளே கெட்டித்திருந்தது.
பெட்ரோல் இறங்க இறங்க
அந்த இடத்துக்குக் காற்று வர வழியில்லை.
ஒரு கட்டத்துக்கு மேல் தொட்டி
ஒரு சொட்டும் விடாமல் இறுக்கிப் பிடித்திருக்கிறது.
இதற்கா நாலாயிரம் பெசோ!

அடைப்பானைப் பிடுங்கி
தொப்பியில் குத்தியிருந்த ஊக்கால் கிளறி
ஊதினேன். வாயெல்லாம் பெட்ரோல்.

பன்னிரண்டு. பதிமூன்று.
எங்கே எண்ணுவதை விட்டேனோ தெரியாது.
மரம் சாய்ந்த பிறகுதான்
பனி பெய்துகொண்டிருப்பதைப் பார்த்தேன்.

எரால்தோ இன்னும் கேட்கவில்லை.
கேட்டால், கார்புரேட்டர்தான் என்று
சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.
ரொட்டியும் கொஞ்சம் கூடுதலாகவே
சுட்டு வைத்திருக்கிறேன்.