பிணத்துக்கு எழுநூறு

நடந்து போகிறவருக்கு ஐந்நூறு,
விழுந்து சாகிறவருக்கு எழுநூறு,
தண்ணீரில் கிடந்தால் மேலே நூறு.
கம்பெனி சொன்ன கணக்கு.
எனக்குத் தலைக்கு ஐம்பது கமிஷன்.

மணக்குடிக் கழிமுகத்தை
வேறொரு கழிமுகமாக்க
லாரியில் பனந்தலைகள் வந்திறங்கின.
தென்னையின் கழுத்தை மறைத்துக் கட்டினார்கள்.
மணல் ரொம்பக் கறுப்பு என்றார் கேமராக்காரர்.
இங்க மணல் அப்படித்தான் சார்,
அதை அள்ளி வித்துத்தான் ஒரு ஊரே
என்று தொடங்கினேன்.
அவர் வெயிலைப் பார்க்கப் போய்விட்டார்.

பழவிளை முகாமிலிருந்து இரண்டு வேன்.
எங்களூர்ப் பெண்களைக் கூப்பிட்டால்
பவுடர் போட்டு வந்து நிற்பார்கள்.
"ஒரிஜினல் ஆளுங்களே கிடைப்பாங்களா ததேயு?"
என்று கேட்டது உதவி இயக்குநர்.
நல்ல பையன்.
எல்லோருக்கும் முட்டை கிடைத்ததா என்று பார்த்துவிட்டுத்தான்
தன் பொட்டலத்தைப் பிரிப்பான்.

ரத்தம் வாளியில் வந்தது.
சீனிப்பாகு, சிவப்புச் சாயம், கொஞ்சம் காப்பித்தூள்.
பத்து மணிக்கெல்லாம் எறும்பு.
செத்தவர்கள் சொறிந்தார்கள்.
பிணம் அசையுது, பிணம் அசையுது என்று மைக்கில் கத்தல்.
எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தேன்.

குண்டு என்பது
மணலுக்குள் புதைத்த ஒரு குழாய்,
காற்று, சலித்த மண்.
சத்தம் பிறகு சென்னையில் சேர்ப்பார்கள்.
அதுவரை ஒருவன் 'டம்' என்பான்,
அப்போது விழ வேண்டும்.

இராசமலர் 'டம்'முக்கு முன்பே விழுந்தாள்.
ஐம்பது வயதிருக்கும், முகாமில் தையல்.
இரண்டாம் தடவையும்
குப்புற, முழங்கையைத் தலைக்குக் கொடுத்து, முன்பே.
பையன் ஓடிவந்தான்.
அம்மா, கையை விரிச்சுப் பின்னால சாயணும், இப்படி.
விழுந்து காட்டினான்.
தட்டிவிட்டு எழுந்தபோது
ஜீன்சில் எங்களூர்க் கறுப்பு.

"தம்பி, சத்தம் கேட்டால் அது வேற ஆருக்கோ.
எங்களுக்கு வாறது எங்களுக்குக் கேக்காது.
பிறகு எப்பிடிக் கையை விரிக்கிறது?"

வேனில் சாய்ந்து நின்ற நிதுசன்,
முகாமில் பிறந்தவன், பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம்,
சித்தி, அவிய சொல்லியபடி செய்யுங்க என்றான்
என்னுடைய தமிழில்.

விரித்தாள்.
தண்ணீர் தெறித்தது, ஒரு கொக்கு பறந்தது.
மானிட்டருக்குப் பின்னால் கைதட்டினார்கள்.

நாலரைக்கு வெளிச்சம் போதாதென்று பேக்கப்.
முகாமில் அன்றைக்குக் கணக்கெடுப்பு.
ஆறு மணிக்கு ஆள் நேரில் நின்று
கையெழுத்துப் போடாவிட்டால் பணக்கொடை வெட்டு.
செத்தவர்கள் அவசரமாக எழுந்து
பழையாற்றில் பாகைக் கழுவினார்கள்.
வவுச்சரில் நாற்பத்திரண்டு.
வேனில் நாற்பத்தொன்று.
திரும்ப எண்ணினேன்.

பாலத்துக்குக் கீழே, கடல் ஏறும் நேரம்,
கிடந்தாள்.
விரித்த கை விரித்தபடி
காதுவரை தண்ணீர்.
பனந்தலை அவிழ்க்கிறவர்கள்
கம்பெனிப் பொம்மையென்று நினைத்து
அவளைச் சுற்றிச் சுற்றிப் போய் வந்தார்கள்.

எக்கா என்றேன்.
எக்கா, முடிஞ்சாச்சு.
கண் திறக்கவில்லை.
உதடு மட்டும்:
"போயிட்டினமோ?"

யார் என்று கேட்க வாய் வரவில்லை.
போய்ட்டாவ எக்கா. ஒக்கப் போய்ட்டாவ.

அதற்குப் பிறகும் கிடந்தாள்.
நான் சொன்னதை நம்பலாமா என்று
தண்ணீரிடம் கேட்கிறவள் போல.
வேன் இரண்டு முறை ஹாரன் அடித்தது.

எழுநூறுக்குத்தான் கையெழுத்து.
ஷாட் முடிந்த பிறகு தண்ணீரில் கிடந்தது
கணக்கில் வராதாம்.
நான் வாதாடவில்லை.
என் ஐம்பது எனக்கு வந்தது.

படம் இன்னும் வரவில்லை.
வந்தால் நாகர்கோவில் போய்ப் பார்க்க வேண்டும்,
அவள் கையை விரிக்கிற இடத்தில்
என்ன சத்தம் சேர்த்திருக்கிறார்கள் என்று.