பொறி ஓயும் வரை

கிரைண்டர் வாங்கியிருக்கேன் என்றதும்
செல்லபாய் அக்கா ஒரு படி அரிசி ஊறப்போட்டுவிட்டாள்.
மினி லாரியிலிருந்து அதை இறக்க
ஆறு பேரும் இரண்டு தென்னந்தடியும் வேண்டியிருந்தது.
"இதில மாவு எங்க விழும்?"
விழாது அக்கா. இது இரும்பை அரைக்கவாக்கும்.
"இரும்பை அரைச்சு?"
பதில் என்னிடமும் இல்லை.
ஏத்தங்காய் சீவும் தகட்டை
ஒரே மட்டமாய்ச் செய்துபார்க்க ஒரு ஆசை,
கையில் சிட்டுப் பணம்,
கோயம்புத்தூரில் மூடிய கம்பெனியின் ஏலம்.
அவ்வளவுதான்.

கார் இல்லாத கார் ஷெட்டில் நிறுத்தினோம்.
குளச்சல் காற்றுக்கு ஒரு இரவு போதும்.
காலையில் மேசைமேல் செம்பழுப்பாய் ஐந்து விரல்.
திருடன் இல்லை,
நேற்று நான் தொட்ட இடம்.

கல்லை விரலில் தொங்கவிட்டு
மரப்பிடியால் தட்டிக் கேட்கவேண்டும்.
இதை மட்டும் நான் படிக்க வேண்டியிருக்கவில்லை,
சந்தையில் மீன்சட்டி வாங்குகிறவள்.
கணீரென்றால் வீட்டுக்கு வரலாம்.
சொத்தென்றால் உள்ளே கீறல்.
நிமிடத்துக்கு இரண்டாயிரத்து எண்ணூறு சுற்றில்
அது சட்டிபோல் சும்மா உடையாது.

மற்றதெல்லாம் தப்பில் படித்தது.
காந்தத்தின் கைப்பிடியைத் திருப்ப மறந்த செவ்வாய்க்கிழமை
அரைக் கிலோ இரும்பு
என் இடுப்புக்கு ஒரு சாண் தள்ளிப் பறந்தது.
சுவரில் குழி.
சிமென்ட் பூசட்டுமா என்றார் ஸ்டான்லி.
வேண்டாம்,
அதைப் பார்த்தபிறகுதான் இனி சுவிட்சில் கை.
பித்தளையைக் காந்தம் பிடிக்காது என்று எழுதி
எட்டாம் வகுப்பில் மார்க் வாங்கியவள் நான்.
இரண்டாவது குழி அதற்கு.

அரைத்த உடனே அளந்தால் இரும்பு பொய் சொல்லும்.
உள்ளங்கைச் சூட்டுக்கே மூன்று மைக்ரான் பூரிக்கும்.
ஒரு கட்டன் சாயா போட்டு,
குடித்து, கிளாஸையும் கழுவி வைத்தபிறகு கேள்.

கடைசியில் கல்லை இறக்கக்கூடாது.
இறக்காமலே மேசையைத் தள்ளு, இழு.
பொறி வரும். இன்னும் வரும்.
பிறகு ஒன்றிரண்டு, ஈசல்போல.
ஒன்றுமே செய்யாமல் இருந்தும்
இவ்வளவு மிச்சமா என்று தோன்றும்.
ஓயும் வரை தள்ளு.

எல்லாம் சரி.
தகட்டில் மட்டும் அலை.

பெல்ட்டை மாற்றினேன். கல்லுக்கு வைரம் காட்டினேன்.
நான்கு காலுக்கும் கீழே ரப்பர் ஷீட், பட்டறை விலைக்கு.
அலை.
ஒரு ராத்திரி மெஷின் ஓடாமல் நிற்கும்போதே
டயலின் முள் நடுங்கியது,
சத்தம் அதற்குப் பிறகு வந்தது:
பாறை ஏற்றிய டாரஸ், ஒன்றன்பின் ஒன்றாக.
எங்கோ ஒரு குன்று
துண்டு துண்டாய் மேற்கே போகிறது.
போகிற போக்கில் என் தகட்டில்
நான்கு மைக்ரான் எழுதிவிட்டுப் போகிறது.
ஊர்ப் பெயர் வேறு கருங்கல்.

சித்திரையில் லாரி ஸ்டிரைக், மூன்று நாள்.
முதல் நாள் கரண்டு இல்லை.
இரண்டாம் நாள் மைனி வீட்டுக் கல்யாணம்.
மூன்றாம் நாள் விடியுமுன்
தகட்டில் மார்க்கரால் குறுக்கும் நெடுக்கும் கோடிட்டு
கல்லை முடியளவு இறக்கினேன்.
ஒரு கோடும் மிஞ்சவில்லை.

செல்லபாய் அக்கா ஏந்திப் பார்த்தாள்.
மங்கலாய் அவள் மூக்குத்தி தெரிந்தது.
"இம்புட்டுக்காக்கும் இத்தனை பாடு?"
ஆமாம்.
சீவிய ஏத்தங்காய் ஒரே கனமாய் விழுந்தது உண்மை.
எண்ணெய் சூடு தப்பிப் பாதி கருகியதும் உண்மை.

ஸ்டிரைக் முடிந்த இரவு
ஒன்றரை மணிக்கு முதல் லாரி.
ஜன்னல் கொக்கி அசையவில்லை,
ஸ்டான்லி புரளவில்லை.
நான் கண்ணை மூடியபடி முதுகில் அளக்கிறேன்:
இரண்டு.
இது மூன்று.
இது வெறும் லாரி, திரும்பி வருவது.