பற்று

வெள்ளிக்கிழமை கடை திறக்க மத்தியானம் இரண்டாகும்.
மொய்து காக்கா தூங்குவார்.
டெலிவரி சைக்கிளை நான் எடுத்தால்
ட்யூப் தேய்ஞ்சா உன் சம்பளத்துல என்பார்,
அதோடு சரி.

நாலரை மணி. கல்பா கடற்கரைச் சாலையில்
வலை உதறும் வங்காளிகள் மூன்று பேர்,
விளக்கணையாத ஒரு ரவுண்டானா,
அப்புறம் நான்.
கனத்த இரும்பு, கியர் கிடையாது.
முன்னால் கூடை, கூடையின் அடியில்
நேற்றைய வெங்காயத் தோல்,
அதன்மேல் துணியில் சுற்றிய ஒரு லபன் பாட்டில்,
மேலே இலந்தை மரத்தடியில் குடிக்க.

கடலுக்கு முதுகைக் காட்டியதும்
இரவெல்லாம் மலையில் கிடந்து குளிர்ந்த காற்று
இறங்கி வந்து நெஞ்சில் கைவைத்துத் தள்ளும்.
இருக்கட்டும், திரும்பும்போது முதுகைத் தள்ளும் என்று
முதல் வாரம் நினைத்தேன்.
திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது,
கடல்காற்று கிளம்பிவிட்டது.
போனாலும் எதிர்க்காற்று, வந்தாலும் எதிர்க்காற்று.
யாரிடம் போய்ச் சொல்ல?
நடுரோட்டில் தனியாகச் சிரித்தேன்.

பெரிய சாலை வந்தபின்
பழைய சாலைக்கு லாரிகள் வருவதில்லை.
வெள்ளைக்கோடு பாதி அழிந்த இடத்தில்
ஆடுகள் படுத்திருக்கின்றன.
மணி அடித்தால் ஒன்று மட்டும் தலையைத் திருப்பி
இங்கே யாரும் ஆர்டர் போடவில்லையே
என்பதுபோல் பார்க்கும்.

பள்ளத்தாக்கின் பெயர் ஹிலு. இனிப்பு என்று அர்த்தமாம்.
ஓடையில் சொட்டுத் தண்ணீர் இல்லை.
கூழாங்கற்கள் மட்டும்
அது போன திசையில் சாய்ந்து கிடக்கின்றன.

ஏற்றம் தொடங்கியதும் பற்று நோட்டைத் திறப்பேன்,
மனசுக்குள்.
முதல் வளைவு 104: முட்டை ஒரு தட்டு, பதினெட்டு திர்ஹம்.
அடுத்தது 211: பால், குப்பூஸ், ரீசார்ஜ்,
நாற்பத்தொன்றரை. அடுத்த மாதம் என்றார்,
எந்த வருடத்து அடுத்த மாதம் என்று சொல்லவில்லை.
மூச்சு முட்ட மிதிக்கும்போது
பாக்கி வைத்தவர்கள்தான் துணை.
307 நீண்ட வளைவு.
சூடானி வரைபடக்காரர், ஒரே இரவில் காலி செய்துவிட்டார்.
நூற்றுப்பத்து திர்ஹம் என் கணக்கில் விழுந்தது,
அவர் விட்டுப்போன நாற்காலியும்.
அதில் உட்கார்ந்துதான் கடைவாசலில் சாப்பிடுகிறேன்.
அந்த வளைவில் மட்டும் இறங்கித் தள்ளுவேன்.

போன வாரம் 307ஐத் தாண்டி
கல்லில் உட்கார்ந்திருந்தாள் ஒருத்தி.
ஒற்றை விரலால் தூக்கிவிடலாம் போன்ற சைக்கிள்,
இரண்டு பாட்டிலும் காலி,
கன்னத்தில் காய்ந்த உப்பு வெள்ளையாக.
எந்த ஊரோ. துபாயிலிருந்து வந்தாளாம்.
என் கூடையைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள்,
இதிலா ஏறினாய் என்று கையால் கேட்டாள்.
இதில்தான்.

லபனை நீட்டினேன்.
நிறுத்தாமல் குடித்தாள், மூக்கில் நுரை.
பிறகு பாக்கெட் பாக்கெட்டாகத் தடவினாள்.
காசில்லை, எல்லாம் போனில்,
போனுக்கு இங்கே சிக்னல் இல்லை.
பரவாயில்லை, எழுதிக்கொள்கிறேன் என்றேன்.
பெயர் சொன்னாள். காற்றில் பாதிதான் வந்தது.

உச்சியில் மரத்தடியில் சும்மா உட்கார்ந்தேன்.
உதிர்ந்த பழம் நாலு. ஒன்றில் புழு, துப்பினேன்.
தூரத்தில் கடல் ஒரு தகடுபோல்,
அதன்மேல் அசையாமல் எண்ணெய்க் கப்பல்கள்.

இறக்கத்தில் பிரேக் கருகி நாறியது.
வெங்காயத் தோல்கள் கூடையைவிட்டு எழும்பி
முகத்தில் மோதிப் பின்னால் பறந்தன.
கடல்காற்று வழக்கம்போல் எதிரே.

இரண்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கி
நோட்டில் எழுதினேன்:
மலை, லபன் ஒன்று, இரண்டு திர்ஹம்.

நேற்று கணக்குப் பார்த்த காக்கா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கேட்டார்:
யாருடா இந்த மலை?
நல்ல பார்ட்டிதான் காக்கா, என்றேன்,
ராத்திரியோடு ராத்திரியா காலி பண்ணாது.