எடைமேடைக்காரியின் பச்சைக் கல்

உசாகோஸ் தாண்டி, சாலையோரம்,
காற்று தூக்கிப் போகாமலிருக்க
மேசைத் துணியின் நான்கு மூலையிலும் கல்,
நடுவிலும் கல்.
எண்பது டாலர் கொடுத்து இதை வாங்கினேன்.
என்ன கல் என்றேன்.
"பச்சை" என்றாள் லிசெட் கெய்செஸ்.
அது தெரிகிறது. பெயர்?
"டூர்மலினாக இருக்கலாம். இல்லாமலும் போகலாம்.
எண்பது, இரண்டுக்கும் நடுவில் வைத்த விலை."

எனக்கு வேலை எடைமேடையில்.
வால்விஸ் பேயிலிருந்து வரும் லாரிகள்
பெருமூச்சு விட்டு ஏறி நிற்கும்.
எண் விழும், சீட்டைக் கிழிப்பேன்.
தார்ப்பாய்க்கு அடியில் உப்போ மீனோ
ஜாம்பியாவுக்குப் போகும் பழைய கார்களோ,
கேட்பதில்லை.
பதினோரு வருடமாகப்
பெயரைத் தொடாமல் பாரத்தை மட்டும் அறிந்தவள் நான்.

கல் சேர்க்கத் தொடங்கி ஆறே வாரம்.
சுவாகொப்முண்டில் அட்டை கிழிந்த கையேடு ஒன்று கிடைத்தது,
ஆஃப்ரிகான்ஸில்.
அது சொன்னபடி
மிச்சமிருந்த குளியலறை ஓட்டின் முதுகில் தேய்த்தேன்:
வெள்ளைக் கோடு.
பாதி உலகம் வெள்ளைக் கோடுதான் போடுமாம்.
வினிகர் விட்டேன்.
கல் வாய் திறக்கவில்லை. சமையலறை நாறியது.

எடை என் தொழில் அல்லவா,
அங்கே ஏமாற மாட்டேன் என்று
மாவு நிறுக்கும் தராசை எடுத்தேன்.
வெறுமனே: அறுபத்து நான்கு கிராம்.
தையல் நூலில் கட்டி, தண்ணீர்க் கோப்பைக்குள்
அடி தொடாமல் தொங்கவிட்டால்: இருபது.
வகுத்தேன். மூன்று புள்ளி இரண்டு.
கையேட்டைப் புரட்டினேன்.
டூர்மலினும் அங்கேதான் நிற்கிறது.
ஃப்ளோரைட்டும் அங்கேதான்,
ஒரே பெஞ்சில் தோளோடு தோள்.

கத்தி இருந்தது.
கீறினால் விழுந்தால் இது, விழாவிட்டால் அது.
ஒரு நொடி வேலை.
மூன்று நாள் கத்தியால் வெங்காயம் மட்டும் நறுக்கினேன்.

நான்காம் நாள் கிழக்குக் காற்று.
ஜன்னலை இழுத்துச் சாத்தியபோது முழங்கை தட்டி
விளிம்பிலிருந்த கல் சிமெண்டுத் தரையில் விழுந்தது.
சிதறவில்லை.
ஒரு மூலை மட்டும் கழன்று
அடுப்புக்கு அடியில் உருண்டது.
எடுத்துப் பார்த்தேன்:
வெட்டி மெருகேற்றியது போல மூன்று பக்க முகம்,
அதில் ஜன்னல், ஜன்னலில் புழுதி,
புழுதிக்கு நடுவே என் மூக்கு.
டூர்மலின் இப்படி உடையாது.
அதற்கு உடையவே ஒழுங்கு கிடையாது.
இதற்கு உள்ளே வழி இருந்திருக்கிறது,
யாரும் போகாத வழி.

பிறகுதான் கத்தி. வெண்ணெய் இல்லை,
ஆனாலும் இடம் கொடுத்தது.

மறுநாள் பெட்ரோல் பங்கில்
கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கை இரவல் கேட்டேன்.
பச்சை அணைந்து
நீலமாக எரிந்தது, எங்கிருந்தோ.
"கள்ளக் கல்லா?" என்றான் உவாசுவா.
இல்லை, என் ஆசைதான் செல்லாதது என்று சொல்ல வந்து
டீசல் எவ்வளவு என்று கேட்டேன்.

தீப்பெட்டியில் பஞ்சு, பஞ்சின் மேல் உடைந்த மூலை.
மூடியில் பென்சிலால்:
வாங்கியவள் ஹில்யா. உடைத்தவளும் அவளே.
பெயருக்கு விட்ட இடத்தில் மட்டும் மை.

சனிக்கிழமை லிசெட்டிடம் போய்ச் சொன்னேன்:
அது ஃப்ளோரைட்.
மேசையில் அதே சாயலில் இன்னும் ஒன்பது கிடந்தன.
அவற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"அந்தப் பெயர் சொன்னால் விலை ஏறுமா, இறங்குமா?"
இறங்கும்.
துணியின் மூலையை இழுத்துச் சரி செய்தாள்.
"அப்படியானால் பச்சை" என்றாள்.