டோரீனின் நாட்குறிப்பை இயந்திரம் வாசிக்கிறது

ஹெட்லிக்குக் கண் போய் இரண்டு வருடம்.
டோரீன் போய் ஒன்று.
அவளுடைய ஒன்பது நோட்டுகளையும்
நூலகத்துப் பிரையனி தட்டச்சு செய்து கொடுத்தாள்.
கெட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி
லண்டன்காரக் குரலில் அவளை வாசிக்கிறது.
ஆம்பிள் துறைமுகத்தில் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

"மார்ச் நான்கு, செவ்வாய். நல்ல மழை.
தேநீருக்குப் பிறகு ஹெட்லியோடு ஒரு ரோ."

ரோவா?
அவர் கோப்பையைக் கீழே வைக்கிறார்.

எழுத்து என்னவோ மூன்றுதான்.
உதட்டைக் குவித்து ரோ என்றால் துடுப்பு வலிக்கலாம்.
அதே ரோதான்
சுரங்கக்காரர்களுக்குக் கட்டிய இந்த வீட்டு வரிசை,
கொல்லையில் லீக் நட்ட பாத்தி,
அவள் ஊசியில் ஏறும் கம்பளி வரி.
வாயைத் திறந்து,
பௌர்ணமிக்குத் திறப்பதுபோல் திறந்து
ரௌ என்றால்
கதவு அறைபடும்.

அன்று அறைபட்டது.
கூரைக்கு வைத்திருந்த பணத்தில்
லீக் போட்டிக்கு உரம் வாங்கிவிட்டார்.
மூன்றாம் பரிசு.
கூரை ஏழு வருடம் ஒழுகியது.

பெட்டிக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?
அது இருவரையும் படகில் ஏற்றிவிட்டது,
கொட்டும் மழையில், கோக்கெட் ஆற்றில்.
டோரீனுக்குத் தண்ணீரென்றால் பயம்.
பாலத்தில் நடந்தால்கூட நட்டநடுவில்தான் நடப்பாள்.
ஆனாலும் சொல்லிவிட்ட பிறகு
படகு அசையத்தான் செய்கிறது.
அவள் தலைத்துணி நனைகிறது.
"இடப்பக்கம் பார்த்து, இடப்பக்கம்" என்கிறாள்,
வீட்டில் எதற்கும் சொல்கிற அதே தொனியில்.

ஏப்ரலில் இரண்டு ரோ.
மே மாதம் அநேகமாகத் தினமும்.
ஒலிம்பிக் அணிகூட
இவ்வளவு வலித்திருக்காது.
அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

திருத்தலாம்.
பொத்தானை அழுத்திக்கொண்டு
சரியான உச்சரிப்பை ஒருமுறை சொன்னால் போதும்,
பெட்டி பிடித்துக்கொள்ளும் என்றாள் பிரையனி.
விரல் பொத்தான்வரை போனது.
வெறும் சமையலறையில் ரௌ என்று சொல்ல
எதிரே ஆள் வேண்டாமா?

பிறகு ஏதோ ஒரு நவம்பர்.
"இன்றிரவு இரண்டு ரோ. ஒன்றை அவிழ்த்துவிட்டேன்."

இங்கே பெட்டி சொல்வது சரியாகவும் இருக்கலாம்.
அந்த மாதம் அவள் பச்சை ஸ்வெட்டர் ஒன்று
பின்னிக்கொண்டிருந்தாள்.
அந்த மாதம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்பதும் நிஜம்.
ஓர் இரவு, தூங்கிவிட்டார் என்று நினைத்து,
நழுவிய போர்வையை அவர் தோள்வரை இழுத்துவிட்டாள்.
அதுவா அவிழ்த்தது?

எழுதியவள் வாய் திறந்து சொல்லியிருந்தால்
அரை மூச்சில் தெரிந்திருக்கும்.
தட்டச்சு செய்தவளுக்கு
வாயே தேவைப்பட்டிருக்காது.

"மறுபடி" என்கிறார்.
பெட்டி மறுபடி, மாற்றமில்லாமல்.

அலமாரியில் ஸ்வெட்டர் இருக்கிறது,
ஒரு கை இல்லாமல், ஊசியோடு.
மடியில் போட்டு விரலால் எண்ணுகிறார்.
நாற்பத்தொன்று. இன்னொரு தடவை. முப்பத்தொன்பது.
அவிழ்த்துப் பின்னிய வரியும்
அவிழ்க்காத வரியும் விரலுக்கு ஒன்றுதான்.

தெருக்கோடி வீட்டில் திடீரென்று கத்தல்.
ஆண் குரல். அதற்கு மேலே பெண் குரல்.
ஏதோ வேன் சாவி பற்றி.
ஹெட்லி பெட்டியை நிறுத்துகிறார்.
எழுந்து, சுவரைத் தடவிப் போய்,
குளிர் உள்ளே வந்தால் வரட்டும் என்று
சன்னலை நன்றாகத் திறந்துவைக்கிறார்.