வாலில் கட்டிய மணி

ஹல் நகரம். ஹம்பர் ஆற்றைப் பார்த்த மாடி வீடு.
டெஸ்மண்ட் கார்பட் டீ கேட்கிறான்.
மனசில் இருப்பது டீ. வாயில் வருவது கீ.
சாவியை எடுத்துக் கொடுக்கிறாள்.
இல்லை என்று தலையாட்டுகிறான். சீ, என்கிறான்.
திரையை விலக்கிக் கடலின் திசையைக் காட்டுகிறாள்.
அதுவுமில்லை. நீ, என்கிறான்,
தன் முழங்காலைத் தானே
யாருடையதோ என்பதுபோல் பார்த்துக்கொண்டு.
அதற்குள் கெட்டில் கொதித்துவிட்டது.

முப்பத்தோரு வருஷம் இழுவைப் படகில் இருந்தவன்.
பெரிய கப்பல்களை
மூக்கணாங்கயிறு போட்டுத் துறைக்குள் கொண்டுவந்தவன்.
பிப்ரவரியில் மூளைக்குள் ஒரு குழாய் அடைத்துக்கொண்டது.
இப்போது ஒரு சொல்லுக்குக் கயிறு வீசினால்
பக்கத்துச் சொல் மாட்டிக்கொண்டு வருகிறது.

நாம் அடியின் தலையில் பூ முடிப்போம்.
அவர்கள் பாட்டில் வாலில்தான் மணி.
அவனுக்கு மாடு தொலைந்துவிட்டது,
மணிச்சத்தம் மட்டும் கேட்கிறது.

ரொட்டியைக் காட்டி டெட் என்றான் ஒருநாள்.
சர்க்கரை கேட்டு வந்த பக்கத்து வீட்டு டிரெவர்
தொப்பியைக் கழற்றிவிட்டான்.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில்
அவள் எழுதி வைக்கிறாள்:
டெட், ரெட், ஷெட் வந்தால் ரொட்டி.
மௌஸ் என்றால், வெளியே உலாவியது போதும், வீட்டுக்குப் போகலாம்.
ரெயின் —
இதை மட்டும் இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறாள்.
ரெயின், ரெயின் என்று அவன் கத்தியபோது
கொடித்துணி எடுக்க ஓடினாள்.
வானம் வெளுத்துக் கிடந்தது.
திரும்பி வந்தால் தோளைப் பிடித்துக்கொண்டு
நாற்காலியில் வளைந்து கிடக்கிறான்.
பெயின்.

பேச்சுப் பயிற்சிக்கு வரும் ரொவீனா
வியாழக்கிழமை ஒரு தாள் கொண்டுவந்தாள்.
எல்லாச் சொல்லுக்கும் ஒரே வால்: ஓ, யு, ஜி, எச்.
காஃப். ரஃப். தோ. த்ரூ. பௌ.
எழுத்தில் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்,
வாய்க்குள் போனதும் ஆளுக்கொரு ஜாதகம்.
தாளைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு வந்தது.
சிரிப்பு இருமலாக மாறி ஆளை உலுக்கியது.
காஃப், என்றான், இருமலுக்கு நடுவே.
சொல்லும் பொருளும் ஒரே இடத்தில் வந்து நின்றன,
பிப்ரவரிக்குப் பிறகு முதல் தடவை.
இருமுகிறவனின் கையைப் பிடித்துக்
குலுக்கு குலுக்கென்று குலுக்கினாள் ரொவீனா.

அவள் பெயர் நெல்.
நம் எழுத்தில் எழுதினால் வயல் தெரியும்.
அங்கே எலனோரின் சுருக்கம், அவ்வளவுதான்.

பெல், என்றான். வாசலுக்குப் போய்ப் பார்த்தாள், யாருமில்லை.
ஸ்மெல், என்றான். அடுப்பை அணைத்தாள்.
ஷெல், என்றான். எப்போதோ கடற்கரையில் பொறுக்கிய சிப்பியைத்
தேடி எடுத்துத் துடைத்துக் கையில் வைத்தாள்.
ஹெல், என்றான் ஒரு ஞாயிற்றுக்கிழமை.
அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை.
பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினாள்.

அத்தனையும் தன்னைக் கூப்பிட்டதுதான் என்று விளங்க
மே மாதம் ஆயிற்று.
பிறகு எந்த மணி அடித்தாலும்
என்னப்பா, என்று திரும்பினாள்.

நேற்று இரவு விளக்கை அணைக்கக் கை நீட்டியபோது
ஃபேர்வெல், என்றான்.
தெளிவாக. ஓர் எழுத்துக்கூடக் குழறாமல்.

கை சுவிட்சிலேயே நின்றுவிட்டது.
ஆற்றில் ஏதோ கப்பல் ஊதியது.
போய் வருகிறேன் என்கிறானா,
அல்லது அந்த அடுக்கில் கைக்கு எட்டியதிலேயே
நீளமான சொல்லை எடுத்து
அவளைத்தான் கூப்பிடுகிறானா?
நோட்டில் இதற்குப் பக்கமில்லை.

இங்கேதான் இருக்கேன், என்றாள்.
அவன் முகம் எரிச்சலில் சுருங்கியது.
கீ, என்றான்.

மணி பதினொன்றரை.
எழுந்து போய்க் கெட்டிலை வைத்தாள்.
திரும்பி வரும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று
சாவியையும் எடுத்துக்கொண்டாள்.