பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனர்

பாம்பன் பாலத்து ஏற்றத்தில்தான் முதலில் வாய் திறந்தது முட்டி.
இடது. சில்லுக்குக் கீழே, மாங்கொட்டை அளவு இடம்.
கச்சான் எதிரே நின்று மார்பில் கைவைத்துத் தள்ள
எழுந்து நின்று மிதித்தேன்.
கீழே ரயில் பாலம். அதைப் படமெடுக்க
நடுரோட்டில் நிறுத்திய வேன்கள்.
வேனுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே
ஒரு சைக்கிள் நுழையும் சந்து,
அதில் நானும் வலியும்.

மண்டபம் நண்டுக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன்.
சதை இத்தனை கிலோ, கால் இத்தனை கிலோ.
ஒரு நண்டுக்கு எத்தனை முட்டி என்று
அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தேன்.

வயசு என்றாள் பக்கத்து மேசை ரெஜினா.
உப்புக்காத்து என்ற மருந்துக்கடைக்காரர்
பச்சைத் தைலம் ஒன்று கொடுத்தார்.
ராமநாதபுரம் போய் எக்ஸ்ரே எடுத்தேன்,
எலும்பில் ஒன்றுமில்லை என்றார்கள்.
அந்த ஒன்றுமில்லையை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு
உச்சிப்புளி தாண்டும்வரை பஸ்ஸில் நின்றே வந்தேன்.

பஞ்சர் ஒட்டப் போன இடத்தில்
அசனார், மீசை அரும்பும் பையன்,
நான் இறங்குவதைப் பார்த்துவிட்டுக் கேட்டான்:
"அக்கா, திரும்ப ஏறி உக்காருங்க."
சுவரைப் பிடித்து உட்கார்ந்தேன்.
"குதிகாலப் பெடல்ல வச்சு அடிவரைக்கும் தள்ளுங்க."
தள்ளினேன். கால் நீளவில்லை.
பூசையில் எழுவதா முழந்தாளிடுவதா என்று
முடிவெடுக்காதவள்போல் மடங்கியே நின்றது.
"இது யார் உயரத்துக்கு வச்ச சீட்டு?"

யார் உயரம்.
கஸ்பார் ஐஸ் கம்பெனியில் இரவுக் காவல்.
காலையில் அவர் இறங்க நான் ஏறுவேன்.
ஒன்பது வருஷம், அந்தச் சீட்டு ஆறியதில்லை.
என்னைவிட நாலு விரல் குட்டை.
தெருவுக்குத் தெரியும், கோயிலுக்குத் தெரியும்.
கல்யாணப் போட்டோவில் நான் மட்டும் நாற்காலியில்.
வீட்டில் அந்தப் பேச்சு எடுத்ததில்லை.

சீட்டுக் குழாய் துருவேறி ஒட்டிக்கிடந்தது.
மண்ணெண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்தான்.
"சைக்கிள் எங்க?"
"கடையில."
"பஞ்சரா?"
"ம்."
அன்றிரவு கஸ்பார் நடந்தே வேலைக்குப் போனார்.

மறுநாள் சாயந்திரம், ஏழெட்டுத் தட்டில்,
கடைவாய்ப்பல் பிடுங்கும் சத்தத்தோடு கழன்றது.
நாலு விரல் ஏற்றினான். கூடிப்போச்சு.
இடுப்பு இப்படியும் அப்படியும் ஆட
வலி முட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.
அரை விரல் இறக்கினான்.
சீட்டு மூக்கைக் கொஞ்சம் முன்னால் தள்ளினான்.
"நடுப்பாதத்தால மிதிக்காதீங்க அக்கா,
பெருவிரலுக்கு அடியில ஒரு மேடு இருக்கு பாருங்க, அதால."
நாற்பத்தொரு வயசில்
கால் வைக்கக் கற்றுக்கொண்டேன்.
பாலத்தில் அன்று காற்று இருந்தது,
முட்டி இருந்த இடம் தெரியவில்லை.

நாலு நாள் கஸ்பார் ஒன்றும் சொல்லவில்லை.
ஐந்தாம் நாள் காலை, நான் உறங்குவதாக நினைத்து,
வாசற்படியில் உட்கார்ந்து
என் பச்சைத் தைலத்தை
முட்டியின் பின்பக்கம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

பெடலுக்கு விரல்நுனி மட்டும் எட்டியிருக்கும்.
தெற்குவாடி வரைக்கும் நாலு இரவு
அப்படியே ஆடி ஆடிப் போயிருக்கிறார்.
நான் கண்ணை மூடிக்கொண்டேன்.
என்ன சொல்லுவது?

ஞாயிறு பூசை முடிந்து வந்தால்
சீட்டுக் குழாயில் ரெண்டு கோடு.
கீழே படகுக்கு அடிக்கும் நீலப் பெயிண்ட்.
மேலே மகளின் நகப்பூச்சு, சிவப்பு.
ஹேண்டில்பாரில் நைலான் நூலில் ஒரு ஸ்பேனர்,
வலைக்குப் போடும் முடிச்சு.
"ராத்திரி இறக்கிக்கிறேன். காலையில ஏத்தி வச்சிர்றேன்."
சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே அளந்தேன்.
மூன்றரை விரல்.
அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

வலி அடியோடு போனதென்று சொல்லமாட்டேன்.
வாடைக் காலத்தில் வந்து எட்டிப் பார்க்கும்.
அவருக்கும் தூக்கக் கலக்கம் உண்டு.

நேற்று நீலத்திலேயே கிளம்பிவிட்டேன்.
ஏற்றத்தில் பாதியில் முட்டி கூப்பிட்டது.
வேன்களுக்கு நடுவில் இறங்கி, ஸ்பேனரை எடுத்து,
போல்ட்டைத் தளர்த்தினேன்.
கேமராவை இறக்கிவிட்டு ஒருவர் ஓடிவந்தார்:
"வண்டி ரிப்பேராம்மா?"
"இல்லைங்க," என்றேன்,
"இது எங்க வீட்டுக்காரர் உயரம்."